இறால், கொசு, லாட நண்டு: ரத்தமே காவல் காக்கும் கதை

(நம் சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில், ஓய்வு பெற்ற விலங்கியல் ஆசிரியரான நம் குடியிருப்பாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். அன்று வர இயலாதவர்களுக்காக இந்த இதழில் தருகிறோம்.)



"அரை மணி நேரம், எல்லோருக்கும் புரிகிற மாதிரி ஏதாவது அறிவியல் பேசுங்கள்" என்று நம் செயலாளர் சார் கேட்டுக்கொண்டார். பராமரிப்புக் கட்டண விவாதத்துக்கும் காபிக்கும் நடுவில் என்னை நிறுத்தியிருக்கிறார். முதலாவதில் சூடாகியிருப்பீர்கள், இரண்டாவதற்குக் காத்திருப்பீர்கள். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

இன்று மூன்று உயிர்களைப் பற்றிப் பேசப் போகிறேன். ஒன்று, ஞாயிற்றுக்கிழமை காலையில் நம் கேட் வாசலுக்கு வரும் மீன்காரம்மாவின் கூடையில் இருக்கிற இறால். இரண்டு, மொட்டைமாடித் தொட்டியின் மூடி கொஞ்சம் விலகியிருந்தால் உள்ளே போய் முட்டையிடுகிற கொசு. மூன்றாவதை நம்மில் பெரும்பாலோர் நேரில் பார்த்திருக்க மாட்டோம். ஆனால் ஊசி போட்டுக்கொண்டவர்கள், டிரிப்ஸ் ஏற்றிக்கொண்டவர்கள் எல்லோரும் அதற்குக் கடன்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். அதன் பெயர் குதிரைலாட நண்டு.

மூன்றுக்கும் முதுகெலும்பு கிடையாது. மூன்றின் ரத்தத்திலும் ஆன்டிபாடி கிடையாது. பிறகு எப்படிக் கிருமிகளிடமிருந்து தப்பிக்கின்றன? அதைத் தெரிந்துகொண்டால், நம் வீட்டில் நாம் செய்யும் சில காரியங்களைக் கொஞ்சம் வேறு மாதிரி யோசிப்போம் என்பது என் நம்பிக்கை.

நினைவு இல்லாத ரத்தம்

ஆன்டிபாடி என்ற சொல்லை கொரோனா காலம் நம் எல்லோருக்கும் கற்றுக்கொடுத்துவிட்டது. நம் உடலுக்கு நினைவாற்றல் உண்டு. ஒரு கிருமியை ஒருமுறை சந்தித்துவிட்டால், அதற்கென்றே அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி ஒரு புரதத்தைத் தயாரித்து, அடுத்த முறைக்குத் தயாராக இருக்கும். தடுப்பூசியின் அடிப்படையே இந்த நினைவுதான்.

பூமியில் இருக்கும் விலங்கினங்களில் நூற்றுக்கு 95-க்கும் மேல் முதுகெலும்பு இல்லாதவை. அவற்றில் எதற்கும் ஆன்டிபாடி தயாரிக்கும் ஏற்பாடு இல்லை. ஆனால் அவை வாழும் இடமோ கிருமிக் காடு. ஒரு மில்லி கடல்நீரில் மட்டும் சுமார் பத்து லட்சம் பாக்டீரியாக்கள் இருக்கும். இறால் அந்தத் தண்ணீரிலும் அதன் அடிச்சேற்றிலும்தான் பிறந்து வளர்கிறது.

இன்னொரு சிக்கலும் உண்டு. நம் ரத்தம் குழாய்களுக்குள் ஓடுகிறது. நம் பிளம்பிங் லைன் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். இறாலுக்கும் பூச்சிக்கும் அப்படி இல்லை. இதயம் ரத்தத்தைத் தள்ளும், அது உடலுக்குள் திறந்த வெளியில் பரவி, உறுப்புகளை நனைத்துவிட்டுத் திரும்பி வரும். மழையில் தண்ணீர் நிறைந்த நம் பேஸ்மென்ட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு மூலையில் சாக்கடை கசிந்தால் என்ன ஆகும்? முழு பேஸ்மென்ட்டும் கெட்டுவிடும். அதே போல, இறாலின் ஓட்டில் ஒரு சின்னக் கீறல் விழுந்து கிருமி உள்ளே போனால், எல்லா உறுப்புகளுக்கும் ஆபத்து. ஆகவே நிமிடக் கணக்கில் வேலை முடிந்தாக வேண்டும். நாள் கணக்கில் யோசித்து ஆன்டிபாடி செய்ய அவகாசம் இல்லை.

மோட்டார் போடும் வாட்ச்மேன்

சின்ன அபார்ட்மென்ட்களில் வாட்ச்மேனுக்கென்று தனி வேலை இருக்காது. அவரே மோட்டார் போடுவார், செடிக்குத் தண்ணீர் விடுவார், இரவில் காவலும் பார்ப்பார். இறாலின் ரத்தத்தில் அப்படி ஒரு புரதம் இருக்கிறது. பெயர் ஹீமோசயனின்.

இதன் தினசரி வேலை ஆக்சிஜன் சுமப்பது. நம் ரத்தத்தில் அந்த வேலையைச் செய்யும் ஹீமோகுளோபினில் இரும்பு இருக்கிறது, அதனால் சிவப்பு. ஹீமோசயனினில் செம்பு இருக்கிறது. இரண்டு செம்பு அணுக்கள் சேர்ந்து ஒரு ஆக்சிஜன் மூலக்கூறைப் பிடித்துக்கொள்ளும். ஆக்சிஜன் ஏறினால் நீலம், இறங்கினால் நிறமே இல்லை. நம் ஹீமோகுளோபின் சிவப்பணுவுக்குள் அடைபட்டுக் கிடக்கும். ஹீமோசயனின் ரத்தத் திரவத்திலேயே நேராகக் கரைந்து மிதக்கிறது. இறாலின் ரத்தத் திரவத்தில் இருக்கும் புரதத்தில் பெரும்பகுதி இதுதான். அதாவது, எங்கே கிருமி நுழைந்தாலும் அதன் பக்கத்தில் ஏற்கெனவே ஹீமோசயனின் நின்றுகொண்டிருக்கும்.

சரி, ஆக்சிஜன் சுமப்பவன் எப்படிக் காவல் காப்பான்? அதற்கு ஒரு நிமிடம் சமையலறைக்குப் போவோம். கத்திரிக்காய் நறுக்கி வைத்தால் கறுத்துப் போகிறது. வாழைக்காயும் அப்படித்தான். அதனால்தான் தண்ணீரில் போடுகிறோம். காயில் ஒரு செம்பு நொதி இருக்கிறது. காற்றில் உள்ள ஆக்சிஜனை எடுத்து, காயில் உள்ள ஃபீனால் என்ற வகைப் பொருள்கள் மீது ஏற்றுகிறது. முதலில் குயினோன் உண்டாகிறது, அது ஒன்றோடொன்று ஒட்டிக் கறுப்பாகிறது. குயினோன் சாதாரணப் பொருள் கிடையாது, நுண்ணுயிர்களுக்கு அது விஷம். வெட்டுப்பட்ட இடத்தில் செடி செய்துகொள்ளும் முதலுதவி என்று சொல்லலாம்.

ஹீமோசயனினுக்குள் இருக்கும் செம்புக்கும் இதே வித்தை தெரியும். ஆனால் சாதாரண நேரத்தில் அதன் வாசலில் ஒரு மூடி இருக்கிறது. புரதத்தின் ஒரு சின்னப் பகுதியே வாசலை அடைத்துக்கொண்டு நிற்கும். ஆக்சிஜன் சின்ன மூலக்கூறு, இடுக்கில் போய்வந்துவிடும். ஃபீனால் பெரியது, உள்ளே நுழைய முடியாது. மூடியை யாராவது வெட்டியோ நகர்த்தியோ விட்டால், அந்த நிமிடமே சுமை தூக்குபவன் ஆயுதம் எடுத்துவிடுவான்.

மூடியைத் திறப்பது யார்? 2007-ல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டிங் ஜியாக் லிங், ஹோ பாவ் இருவரின் குழு, குதிரைலாட நண்டின் ஹீமோசயனினை வைத்து இதற்கு ஒரு விடை சொன்னது. கிருமிகள் உடலுக்குள் வழி உண்டாக்கிக்கொள்ள, புரதத்தை வெட்டும் நொதிகளைக் கக்கும். அந்த நொதிகளே ஹீமோசயனினைத் தூண்டிவிடுகின்றன. திருடன் பூட்டை உடைக்கக் கொண்டுவரும் கடப்பாரையே அலாரத்தின் சுவிட்ச்சாகிவிடுகிறது. ஆகவே ஆயுதம் கிருமி இருக்கும் இடத்தில் மட்டுமே வெளிவருகிறது. இது மிக முக்கியம். குயினோன் கிருமிக்கு மட்டுமா விஷம்? இறாலின் சொந்தத் திசுவுக்கும்தான்.

ஹீமோசயனினுக்கு நெருங்கிய உறவுக்காரப் புரதம் ஒன்று ரத்த அணுக்களுக்குள் இருக்கிறது. அதன் முழுநேர வேலையே இந்தக் கறுப்பாக்கம்தான். பூஞ்சையின் சுவரில் உள்ள பீட்டா குளுக்கான் என்ற சர்க்கரைத் தொடரை மிக மிகச் சிறிய அளவில் உணர்ந்தாலே அது கிளம்பிவிடும் என்பதை, ஸ்வீடனின் உப்சாலாவில் கென்னத் சோடர்ஹால் நன்னீர் நண்டினங்களை வைத்துப் பல ஆண்டுகள் ஆராய்ந்து காட்டினார்.

இன்னும் ஒன்று. 2001-ல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் இறாலுக்குக் கிருமியைச் செலுத்திப் பார்த்தார்கள். ஹீமோசயனினின் வால் பகுதி துண்டு துண்டாக வெட்டப்பட்டு ரத்தத்தில் மிதந்தது. அந்தத் துண்டுகள் பூஞ்சைகளைத் தடுத்தன. முழுசாக இருந்தால் ஆக்சிஜன் சுமக்கும், மூடி திறந்தால் விஷம் செய்யும், உடைந்தால் துண்டும் சண்டை போடும். ஒரே வாட்ச்மேனுக்கு மூன்று டியூட்டி.

கூடையில் கறுக்கும் தலை

இப்போது கேட் வாசல் கூடைக்கு வருவோம். இறாலின் தலை கறுத்திருந்தால் "பழசு, கெட்டுப்போச்சு" என்று பேரம் பேசுகிறோம். அந்தக் கறுப்பு இப்போது சொன்ன அதே கறுப்புதான். இறால் செத்த பிறகு, தலைக்குள் இருக்கும் ஜீரண நொதிகள் கசிந்து அந்த மூடிகளைத் திறந்துவிடுகின்றன. எதிரி இல்லாமலே ஆயுதம் வெடிக்கிறது. அதனால்தான் தலையிலிருந்து கறுப்பு தொடங்குகிறது.

கறுப்பு என்பது அழுகல் இல்லை, விஷமும் இல்லை. ஆனால் அது ஒரு தகவல்: பிடித்த பிறகு ஐஸ் சரியாகப் போடவில்லை, நேரம் ஆகிவிட்டது என்று சொல்கிறது. கெட்டுவிட்டதா என்பதை வாசனையையும், தொட்டால் சதை உறுதியாக இருக்கிறதா என்பதையும் வைத்து முடிவு செய்யுங்கள். மறுபக்கமும் உண்டு. கறுக்காமல் இருக்க சோடியம் மெட்டாபைசல்ஃபைட் என்ற மருந்துக் கரைசலில் முக்கி எடுக்கும் வழக்கம் இருக்கிறது. அளவோடு அனுமதிக்கப்பட்டதுதான். இருந்தாலும் ஆஸ்துமா உள்ள சிலருக்கு சல்ஃபைட் ஒத்துக்கொள்ளாது. நம் வீடுகளில் அப்படி யாராவது இருந்தால், பளபளவென்று இருப்பதை மட்டும் பார்த்து இறால் வாங்க வேண்டாம்.

குளத்தில் தோற்றுப்போகும் இடம்

இத்தனை திறமையான காவலும் தோற்கும் இடம் ஒன்று இருக்கிறது. 1994-95-ல் நம் கிழக்குக் கடற்கரை இறால் பண்ணைகளை வெண்புள்ளி நோய் தாக்கியது. அது வைரஸ் நோய். குளத்துக்குள் வந்துவிட்டால் மூன்று முதல் பத்து நாள்களில் மொத்த இறாலும் செத்து மிதக்கலாம். கடன் வாங்கிக் குளம் வெட்டியவர்கள் பலர் அந்த ஆண்டுகளில் நொடித்துப் போனார்கள். இந்த வைரஸ் வெறுமனே காவலைத் தாண்டிப் போவதில்லை. கறுப்பாக்கும் அந்தத் தொடரைத் திறக்கவிடாமல் தடுக்க, வைரஸே ஒரு புரதம் வைத்திருப்பதைத் தாய்லாந்து ஆய்வாளர்கள் கண்டார்கள். வாட்ச்மேனின் விசிலைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே வருகிற மாதிரி.

நம்மைப் போல இறாலுக்குத் தடுப்பூசி போட்டுவிடலாமே என்று தோன்றும். ஆன்டிபாடியே இல்லாத உடலில் வழக்கமான தடுப்பூசிக்கு வேலை இல்லை. அப்போது சில பண்ணைகளில் பயத்தில் ஆன்டிபயாடிக்கைத் தீவனத்தில் கலப்பார்கள். வைரஸுக்கு ஆன்டிபயாடிக் ஒன்றும் செய்யாது. குளத்துச் சேற்றில் உள்ள பாக்டீரியாக்கள்தான் அந்த மருந்துக்குப் பழகிக்கொள்ளும். பழகிய பாக்டீரியா குளத்தோடு நின்றுவிடுவதில்லை. தண்ணீர் வழியாக, உணவு வழியாக ஊருக்குள் வரும். குளோராம்ஃபெனிகால், நைட்ரோஃபியூரான் போன்ற மருந்துகள் நம் நாட்டு இறால் வளர்ப்பில் தடை செய்யப்பட்டிருப்பது இதனாலும்தான். இவை தடயமாக இருந்தாலே வெளிநாடுகள் சரக்கைத் திருப்பி அனுப்பிவிடும்.

சரியான வழி வேறு. நோயில்லாத தாய் இறால்களை மட்டுமே இறக்குமதி செய்வது, அவற்றைத் தனியே வைத்துச் சோதிப்பது, குளத்தைச் சுற்றி நண்டு வேலி, மேலே பறவை வலை. வெளிநாட்டிலிருந்து வரும் வனாமி தாய் இறால்கள் முதலில் தங்கிச் சோதனைக்கு உள்ளாகும் நிலையம் சென்னை நீலாங்கரையில்தான் இருக்கிறது. இறாலின் ரத்தத்தால் முடியாததை, மனிதன் வாசலிலேயே தடுத்துச் செய்கிறான்.

ரோஸ் பார்த்த கொசுவின் உள்ளே

அடுத்தது கொசு. 1897 ஆகஸ்ட் 20 அன்று செகந்திராபாத்தில் ரொனால்டு ரோஸ், அனோபிலிஸ் கொசுவின் இரைப்பைச் சுவரில் மலேரியா ஒட்டுண்ணியைக் கண்டார். கொசுதான் மலேரியாவைப் பரப்புகிறது என்பதற்கான முதல் பெரிய தடயம் அது. ஆனால் கொசுவுக்கும் அந்த ஒட்டுண்ணி வேண்டாத விருந்தாளிதான்.

நோயாளியின் ரத்தத்தோடு கொசு ஆயிரக்கணக்கில் ஒட்டுண்ணிகளை விழுங்கலாம். ஏறக்குறைய ஒரு நாளில் அவை இரைப்பைச் சுவரைத் துளைத்து மறுபக்கம் வரும். மறுபக்கம் என்பது கொசுவின் ரத்தம். அங்கே டெப்-1 என்ற புரதம் மிதந்துகொண்டிருக்கிறது. வேறு இரண்டு புரதங்கள் அதைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வருகிற மாதிரி தாங்கி நிற்கும். ஒட்டுண்ணி தலைகாட்டியதும் டெப்-1 அதன் மேல் போய் ஒட்டிக்கொள்ளும். ஒட்டப்பட்ட ஒட்டுண்ணி சிதைந்து சாகும், சில கொசு வகைகளில் கறுத்துப் போகும். ஆப்பிரிக்காவின் அனோபிலிஸ் காம்பியே கொசுவை வைத்து 2004-ல் ஐரோப்பிய ஆய்வாளர்கள் இதை நிரூபித்தார்கள். டெப்-1-ஐத் தயாரிக்கும் மரபணுவை முடக்கியபோது, கொசுவுக்குள் தப்பிப் பிழைத்த ஒட்டுண்ணிகளின் எண்ணிக்கை பல மடங்கு கூடியது.

ஆச்சரியம் என்னவென்றால், டெப்-1-இன் உறவுக்காரர் நம் ரத்தத்திலும் இருக்கிறார். கிருமியின் மேல் முத்திரை குத்தும் காம்ப்ளிமென்ட் புரதங்களில் முக்கியமான சி-3 அது. கொசுவும் நாமும் பிரிந்து பல கோடி ஆண்டுகள் ஆகியும், பழைய குடும்பச் சொத்து இரு வீட்டிலும் இருக்கிறது.

கொசுவின் ரத்தம் விழுங்கியதில் பெரும்பாலான ஒட்டுண்ணிகளைக் கொன்றுவிடுகிறது. ஆனால் ஒன்றே ஒன்று தப்பித்து இரைப்பைச் சுவரில் கூடு கட்டிவிட்டால், அதிலிருந்து ஆயிரக்கணக்கில் புதிய ஒட்டுண்ணிகள் வெளிவந்து எச்சில் சுரப்பிக்குப் போய்விடும். கொசுவின் நோய் எதிர்ப்பை நம்பி நாம் தூங்க முடியாது.

சென்னை போன்ற நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் கொசு அனோபிலிஸ் ஸ்டீபன்சி. இது சாக்கடையைத் தேடாது. சுத்தமான தண்ணீர்தான் வேண்டும்: மேல்நிலைத் தொட்டி, கிணறு, சம்ப். இதே கொசு 2012-ல் ஆப்பிரிக்காவின் ஜிபூட்டியில் தென்பட்டது. பிறகு பக்கத்து நாடுகளின் நகரங்களுக்கும் பரவியதால், 2019-ல் உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கை விடுத்தது. நம் தொட்டி மூடி சின்ன விஷயம் கிடையாது என்பதற்காகச் சொல்கிறேன்.

டிரிப்ஸ் பாட்டிலுக்குப் பின்னால்

மூன்றாவது, குதிரைலாட நண்டு. பெயரில்தான் நண்டு. உறவில் சிலந்திக்கும் தேளுக்கும் பக்கம். சுமார் 45 கோடி ஆண்டுகளாக இந்த வம்சம் கடலில் இருக்கிறது. இன்று மிஞ்சியிருப்பது நான்கே இனங்கள். அவற்றில் இரண்டு நம் நாட்டில், ஒடிசாவின் பாலசோர் கரையிலும் சுந்தரவனத்திலும் வாழ்கின்றன. நம் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் அவற்றைப் பாதுகாக்கிறது.

1956-ல் அமெரிக்காவின் வுட்ஸ் ஹோல் கடல் ஆய்வகத்தில் ஃபிரெடரிக் பேங் என்பவர், பாக்டீரியா செலுத்தப்பட்ட குதிரைலாட நண்டின் ரத்தம் உடலுக்குள்ளேயே உறைந்துவிடுவதைப் பற்றி எழுதினார். பிறகு ஜாக் லெவினும் அவரும் சேர்ந்து காரணத்தைத் தேடினார்கள். அதன் ரத்த அணுக்களில் சின்னச் சின்னப் பைகள் இருக்கின்றன. அவற்றில் ஃபேக்டர் சி என்ற புரதம். சில வகை பாக்டீரியாக்களின் வெளிச்சுவரில் உள்ள எண்டோடாக்சின் என்ற நச்சைத் தொட்டதும் அது விழித்துக்கொள்ளும். அது இன்னொன்றை எழுப்பும், அது அடுத்ததை எழுப்பும், கடைசியில் ரத்தம் ஜெல்லி மாதிரி உறைந்து பாக்டீரியாவைச் சிறை பிடித்துவிடும். அதே அணுக்களிலிருந்து டாக்கிப்ளெசின் என்ற குட்டிப் புரதமும் வெளிவரும். வெறும் 17 அமினோ அமிலம்தான் நீளம், ஆனால் பாக்டீரியாவின் சவ்வை ஓட்டையாக்கிவிடும். ஜப்பானியர்கள் அதை 1988-ல் வெளியிட்டார்கள்.

இதற்கும் டிரிப்ஸுக்கும் என்ன சம்பந்தம்? பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அந்தக் காலத்தில் குளுக்கோஸ் ஏற்றினால் சிலருக்குக் குளிர்காய்ச்சல் வந்து தூக்கித் தூக்கிப் போடும். மருந்தைக் கொதிக்க வைத்துக் கிருமியைக் கொன்றிருப்பார்கள். ஆனால் செத்த பாக்டீரியாவின் சுவரில் இருந்த எண்டோடாக்சின் கொதித்தாலும் சாகாது. அது நேராக ரத்தத்தில் போனால் காய்ச்சல், அளவு கூடினால் உயிருக்கே ஆபத்து. அதைக் கண்டுபிடிக்க முன்பெல்லாம் முயலின் காது நரம்பில் மருந்தை ஏற்றி, மூன்று மணி நேரம் அதன் உடல் வெப்பத்தை அளந்துகொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

குதிரைலாட நண்டின் ரத்த அணுச் சாறு அந்த வேலையைச் சோதனைக் குழாயிலேயே செய்துவிட்டது. ஒரு கிராமை லட்சம் கோடி பங்கிட்டால் வரும் ஒரு பங்குக்குப் பக்கத்தில் எண்டோடாக்சின் இருந்தாலும் காட்டிக்கொடுக்கும். 1977-ல் அமெரிக்க அரசு இந்தச் சாற்றைத் தயாரிக்க முதல் உரிமம் வழங்கியது. அதன்பின் உலகம் முழுக்க ஊசி மருந்து, தடுப்பூசி, செயற்கை மூட்டு என்று உடலுக்குள் போகும் எல்லாவற்றுக்கும் இது பொதுவான சோதனையாகிவிட்டது.

விலை கொடுப்பது அந்தப் பிராணி. அமெரிக்கக் கரையில் ஆண்டுக்குப் பல லட்சம் குதிரைலாட நண்டுகளைப் பிடித்து, ரத்தத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கை எடுத்துவிட்டுக் கடலில் விடுகிறார்கள். அதன்பின் நூற்றுக்கு 15 செத்துப்போவதாக அங்கே மீன்வள அமைப்பு கணக்கிடுகிறது. அதைவிடக் கூடுதலாகச் சொல்லும் ஆய்வுகளும் உள்ளன. அதன் முட்டையைத் தின்று வலசை போகும் ரெட் நாட் என்ற பறவையும் சேர்ந்து பாதிக்கப்படுகிறது. சீனா, ஜப்பான் பக்கத்து இனம் 2019-ல் அழியும் அபாயத்தில் உள்ளவற்றின் பட்டியலில் சேர்ந்தது.

மாற்று வழி இருக்கிறது. நான் முன்னே சொன்ன அதே சிங்கப்பூர் ஆய்வாளர்கள்தான் 1990-களில் ஃபேக்டர் சி-யின் மரபணுவைப் பிரித்தெடுத்து, அதை வளர்ப்புச் செல்களில் தயாரிக்க வழி செய்தார்கள். 2003-ல் அது விற்பனைக்கு வந்தது. ஐரோப்பிய மருந்துத் தர நூல் 2021 ஜனவரியிலிருந்து அதை ஏற்றுக்கொண்டது. அமெரிக்கத் தர நூலும் 2025 மே மாதத்திலிருந்து அதற்கு இடம் கொடுத்திருக்கிறது. அந்த ரத்தத்தில் இருக்கும் அறிவை மட்டும் எடுத்துக்கொண்டு, ரத்தத்தை அந்தப் பிராணியிடமே விட்டுவிடலாம்.

நாம் என்ன செய்யலாம்?

மூன்று விஷயம் சொல்லி முடிக்கிறேன்.

ஒன்று, தொட்டிகள். ஏ, பி, சி மூன்று பிளாக்கிலும் மேல்நிலைத் தொட்டி மூடிகளையும் சம்ப் மூடிகளையும் இந்த மாதம் ஒருமுறை பார்த்துவிடுவோம். காற்றுக்குழாய் வாயில் வலை இருக்கிறதா என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கொசுவின் டெப்-1 தன் வேலையைச் செய்யட்டும், நம் வேலை நமக்கு.

இரண்டு, ஆன்டிபயாடிக். இறால் குளத்தில் வைரஸுக்கு ஆன்டிபயாடிக் போடுவதைக் கேட்டுச் சிரித்தீர்கள். சளிக்காய்ச்சலுக்குப் போன முறை வாங்கியதில் மிச்சமிருந்த மாத்திரையைப் போட்டுக்கொள்வதும் அதே காரியம்தான். டாக்டர் எழுதினால் மட்டும், எழுதிய நாள் வரைக்கும்.

மூன்று, நம் குடியிருப்பில் மருந்துத் துறையில் வேலை பார்ப்பவர்கள் சிலர் இருக்கிறீர்கள். உங்கள் நிறுவனத்தில் எண்டோடாக்சின் சோதனைக்கு எதைப் பயன்படுத்துகிறார்கள், மாற்றுக்கு வாய்ப்பு உண்டா என்று ஒருமுறை விசாரித்துப் பாருங்கள். இந்த மாதிரி மாற்றங்கள் பெரும்பாலும் உள்ளே இருக்கும் ஒருவர் கேட்கும் கேள்வியில்தான் தொடங்கும்.

கேள்வி நேரத்திலிருந்து

ஏழாம் வகுப்பு படிக்கும் ஒரு தம்பி: "இறால் ரத்தம் நீலம் என்றால், அம்மா இறால் உரிக்கும்போது நீலமாக எதுவும் வரவில்லையே?"

நல்ல கேள்வி. செத்த இறாலின் ரத்தத்தில் ஆக்சிஜன் தீர்ந்திருக்கும், அதனால் நிறம் போய்விடும். உயிரோடு இருக்கும்போதும் அடர் நீலம் கிடையாது, நீல மையைத் தண்ணீரில் நிறையக் கரைத்த மாதிரி லேசாகத்தான் இருக்கும்.

சி பிளாக் மேடம்: "எனக்கு இறால் சாப்பிட்டால் உடம்பெல்லாம் தடித்துவிடும். இந்த ஹீமோசயனின்தான் காரணமா?"

முக்கியக் காரணம் இறாலின் தசையில் உள்ள ட்ரோபோமயோசின் என்ற புரதம். ஹீமோசயனினும் சிலருக்கு ஒவ்வாமை தருவதாகக் கண்டிருக்கிறார்கள். கரப்பான்பூச்சியிலும் தூசிப் பூச்சியிலும் கிட்டத்தட்ட இதே ட்ரோபோமயோசின் இருக்கிறது. அதனால் இறால் ஒத்துக்கொள்ளாத சிலருக்கு வீட்டுத் தூசியும் தொந்தரவு தரும். தைரியமாகச் சாப்பிட்டுப் பார்க்க வேண்டாம் மேடம், ஒவ்வாமை மருத்துவரைப் பாருங்கள்.

பொருளாளர் சார்: "டெங்கு வைரஸையும் கொசுவின் ரத்தம் இப்படிக் கொல்லுமா?"

டெங்குவைப் பரப்புவது ஏடிஸ் என்ற வேறு கொசு. வைரஸ் செல்லுக்குள்ளே ஒளிந்து பெருகுவது. அங்கே கொசுவின் முக்கிய ஆயுதம், வைரஸின் ஆர்என்ஏவைத் துண்டு துண்டாக வெட்டும் ஏற்பாடு. அதனாலும் முழுசாக ஒழிக்க முடிவதில்லை. பூந்தொட்டித் தட்டு, ஃபிரிட்ஜின் பின்பக்கத் தட்டு, ஏசி தண்ணீர் சேரும் வாளி இவற்றை வாரம் ஒருமுறை காலி செய்வதுதான் நம் கையில் இருப்பது.

 காபி வந்துவிட்டது என்று நினைக்கிறேன்.